நஞ்சைக் கண்டால் ஒளிரும் பாக்டீரியா: கிணற்றடிக்கு இன்னும் வராத ஆய்வு

வங்கதேசத்துக் கிராமங்களில் அடிகுழாயின் வாய்க்கு இரண்டு நிறங்களில் ஒன்றைப் பூசியிருப்பார்கள். சிவப்பு என்றால் குடிக்கக் கூடாது. பச்சை என்றால் குடிக்கலாம். 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் அந்த நாட்டில் ஏறத்தாழ 50 லட்சம் குழாய்க் கிணறுகளின் தண்ணீர் சோதிக்கப்பட்டது. அவற்றில் சுமார் 14 லட்சம் கிணறுகளுக்குச் சிவப்பு விழுந்தது. காரணம் ஆர்சனிக். குளத்து நீரைக் குடித்துப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் சாகிறார்கள் என்று 1970களில் தொடங்கி ஊர் ஊராக இறக்கப்பட்ட குழாய்கள் அவை. நல்லெண்ணத்தில் செய்த வேலை. கீழே வண்டல் மண்ணில் இயற்கையாகவே ஆர்சனிக் இருக்கும் என்று அன்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. 1983 வாக்கில் கொல்கத்தாவில் தோல் மருத்துவர் கே. சி. சாகா மேற்கு வங்க நோயாளிகளிடம் அதன் அடையாளங்களைக் கண்டார். உள்ளங்கையிலும் பாதத்திலும் காய்ப்புகள், மார்பில் மழைத்துளி பட்டது போன்ற கரும்புள்ளிகள். வங்கதேசத்தில் 1993இல்தான் உறுதியானது. வரலாற்றிலேயே மிகப் பெரிய கூட்டு நஞ்சூட்டல் இதுதான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2000ஆம் ஆண்டு வந்த கட்டுரை சொன்னது.

ஆர்சனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. குடித்த அன்று ஒன்றும் செய்யாது. தோலில் தெரியவே பல ஆண்டுகள் பிடிக்கும், புற்றுநோய்க்கு இன்னும் கூடுதல் காலம். ஆகவே சோதனை ஒன்றுதான் கண். அந்தக் கண் எவ்வளவு நம்பகமானது என்பதுதான் சிக்கல். 50 லட்சம் கிணறுகளைச் சோதித்த கையடக்கப் பெட்டிகள் பழைய குட்சைட் வினையை நம்பியவை. தண்ணீரில் துத்தநாகத் தூளும் அமிலமும் சேர்த்தால் ஆர்சனிக் ஆர்சைன் வாயுவாகக் கிளம்பும். மேலே கட்டிய மெர்க்குரிக் புரோமைடு தாளில் மஞ்சள் கறை விழும். கறையை வண்ண அட்டையோடு ஒப்பிட்டு அளவைச் சொல்ல வேண்டும். ஆர்சைனே கொடிய நஞ்சு, தாளில் இருப்பது பாதரசம். அதோடு மங்கிய மஞ்சளுக்கும் அதைவிடச் சற்று மங்கிய மஞ்சளுக்கும் உள்ள வேறுபாட்டை வெயிலில் நின்று கண்ணால் தீர்மானிக்க வேண்டும். ஜாதவ்பூர் பல்கலைக்கழகக் குழு இந்தப் பெட்டிகளின் முடிவுகளை ஆய்வகக் கருவியோடு ஒப்பிட்டு 2002இல் வெளியிட்டது. நஞ்சுள்ள கிணற்றை நல்லது என்று சொன்ன பிழை 68 விழுக்காடு வரை போயிருந்தது. பச்சை பூசிய குழாயை நம்பிக் குடம் நிரப்பிய குடும்பங்களுக்கு அந்தப் பிழை எண் அல்ல, குடித்த தண்ணீர்.

நம்பகமான அளவீடு இல்லாமல் இல்லை. தூண்டப்பட்ட பிளாஸ்மாவில் அணுக்களை அயனியாக்கி நிறையைப் பிரித்துப் பார்க்கும் கருவிகள் நூறு கோடியில் ஒரு பங்கையும் விடாமல் சொல்லிவிடும். ஆனால் அதற்கு ஆர்கான் வாயு வேண்டும், தடையற்ற மின்சாரம் வேண்டும், பயிற்சி பெற்றவர் வேண்டும், மாதிரியை நகரத்துக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். துல்லியம் நகரத்தில் இருக்கிறது, கிணறு கிராமத்தில் இருக்கிறது. பாக்டீரியாவை உணரியாக்கும் ஆய்வு இந்த இடைவெளியில் பிறந்ததுதான்.

ஆர்சனிக் உயிர்களுக்குப் புதிய எதிரி அல்ல. நுண்ணுயிர்கள் அதைச் சமாளிக்கக் கற்று மிக நீண்ட காலம் ஆகிறது. நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவிடமே, உள்ளே புகுந்த ஆர்சனிக்கை வெளியே இறைத்துத் தள்ளும் ஒரு மரபணுத் தொகுதி உண்டு. அதை ‘ஆர்ஸ்’ என்பார்கள். நஞ்சே இல்லாத நேரத்தில் இறைக்கும் புரதத்தைச் செய்துகொண்டிருப்பது செல்லுக்கு வீண் செலவு. அதனால் ‘ஆர்ஸ்ஆர்’ என்ற புரதம் அந்தத் தொகுதி தொடங்கும் இடத்தில் டிஎன்ஏ மீது தாழ்ப்பாள் போலக் கிடந்து, மரபணு படிக்கப்படாமல் தடுக்கிறது. ஆர்சனைட் உள்ளே வந்ததும் அந்தப் புரதத்திலுள்ள சிஸ்டீன்களின் கந்தக அணுக்களைப் பற்றிக்கொள்கிறது. புரதத்தின் வடிவம் மாறுகிறது, டிஎன்ஏ மீதிருந்த பிடி தளர்கிறது, மரபணு திறந்துகொள்கிறது. ஆய்வாளர் செய்வது ஒன்றே ஒன்று: அந்தத் திறப்புக்குப் பின்னால் வேறொரு மரபணுவை ஒட்டிவைப்பது. ஒளிரும் பாக்டீரியாவிலிருந்து எடுத்த லூசிஃபரேஸ் மரபணுவை ஒட்டினால் ஆர்சனிக்குக்கு ஏற்பச் செல் ஒளிரும். பச்சை ஒளிர்புரதத்தை ஒட்டினால் பச்சையாக மினுங்கும். பீட்டா-கேலக்டோசிடேஸை ஒட்டினால் நிறமாற்றம் கிடைக்கும். நஞ்சை அறிவது பாக்டீரியாவின் சொந்தத் திறமை. நமக்குப் புரியும் மொழியில் அதைச் சொல்ல வைப்பது மட்டுமே மனிதரின் கைவேலை.

இதற்கு முன்பே பாக்டீரியாவின் ஒளியை அளக்கும் முறை இருந்தது. கடல்வாழ் விப்ரியோ ஃபிஷெரி எப்போதும் ஒளிர்ந்துகொண்டிருக்கும். நச்சு நீர் பட்டால் ஒளி மங்கும். 1979 முதல் ‘மைக்ரோடாக்ஸ்’ என்ற பெயரில் புழக்கத்தில் உள்ள இந்தச் சோதனைக்குப் பன்னாட்டுத் தர நிர்ணயமும் உண்டு. ஏதோ ஒன்று கெடுதல் செய்கிறது என்று அது சொல்லும். எது என்று சொல்லாது. குறிப்பிட்ட உலோகத்துக்கு மட்டும் விளக்கேற்றும் பாக்டீரியாக்கள் 1990களின் தொடக்கத்தில் வந்தன. 1993இல் அமெரிக்காவில் பாதரசத்துக்கும், அதே ஆண்டு பெல்ஜியக் குழுவின் முயற்சியில் ஆர்சனிக், காட்மியம் ஆகியவற்றுக்கும் ஒளிரும் வகைகள் வெளியாயின. பெல்ஜியத்தைச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. அங்கே ஒரு துத்தநாகத் தொழிற்சாலையின் கழிவு வண்டல் தொட்டியிலிருந்து 1976இல் எடுத்த பாக்டீரியாதான் இன்று குப்ரியாவிடஸ் மெட்டாலிடியூரன்ஸ் எனப்படுகிறது. உலோக எதிர்ப்பு மரபணுக்களின் களஞ்சியம் அது. காரீயத்துக்கான உணரிப் புரதமே அதனிடமிருந்து வந்தது. எந்தக் கழிவு மண்ணை அசுத்தப்படுத்தியதோ அந்தக் கழிவுக்குள்ளேயே அதை அளக்கும் கருவியும் வளர்ந்திருந்தது.

சுவிட்சர்லாந்தின் யான் ரோலோஃப் வான் டெர் மேயர் குழுவின் பணியை இந்தத் துறையின் திருப்பமாகக் கருதுகிறேன். முதலில் அவர்கள் அடிப்படைக் குறை ஒன்றைச் சரிசெய்தார்கள். ஆர்ஸ்ஆர் முழுக்க இறுக்கமாக மூடுவதில்லை; ஆர்சனிக் இல்லாதபோதும் கொஞ்சம் ஒளி கசியும். அந்தக் கசிவு இருக்கும்வரை லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கும் சுழிக்கும் வேறுபாடு தெரியாது. புரதம் வந்து உட்காருவதற்கு டிஎன்ஏவில் இரண்டாவது இடம் ஒன்றையும் வைத்துக் கசிவை அடைத்தார்கள். அடுத்து, வியட்நாம் ஆய்வாளர்களோடு சேர்ந்து செவ்வாற்றுப் படுகையிலும் மேக்கோங் படுகையிலும் எடுத்த 194 நிலத்தடி நீர் மாதிரிகளைச் சோதித்தார்கள். அங்கே எதிர்ப்பட்ட தடை உயிரியல் அல்ல, இரும்பு. அந்தப் படுகைகளின் கிணற்று நீரை வாளியில் சற்று நேரம் விட்டால் செம்பழுப்பாக மாறும். கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டுத் துருவாகப் படியும். படியும்போது ஆர்சனிக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அடியில் போய்விடும். பாக்டீரியாவுக்கு எட்டுவது குறைந்துபோகும், கிணறு நல்லது என்று தோன்றிவிடும். ஆகவே மாதிரி எடுத்த உடனே நைட்ரிக் அமிலம் சேர்த்து இரும்பைக் கரைசலிலேயே நிறுத்தி, சோதனைக்கு முன் பைரோபாஸ்பேட்டால் நடுநிலையாக்கினார்கள். 2005இல் வெளியான முடிவு: லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற குடிநீர் வரம்பில், நஞ்சை நல்லதென்று சொன்ன பிழை 8 விழுக்காடு, நல்லதை நஞ்சென்று சொன்ன பிழை 2.4 விழுக்காடு. ஜாதவ்பூர் குழு காட்டிய எண்ணின் அருகில் இதை வைத்துப் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியின் லைப்சிக் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுற்றுச்சூழல் ஆய்வு மையம் இதைக் கையில் எடுத்துச் செல்லும் பொருளாக்கியது. ‘ஆர்சோலக்ஸ்’ என்று பெயர். உறையவைத்து உலர்த்திய பாக்டீரியா, ரப்பர் மூடியிட்ட சிறு கண்ணாடிக் குப்பியில் தூளாக இருக்கும். கிணற்று நீரை ஊசியால் மூடி வழியே செலுத்த வேண்டும்; குப்பியைத் திறக்கவே வேண்டியதில்லை. சுமார் இரண்டு மணி நேரத்தில், கையடக்க ஒளிமானியில் குப்பியை வைத்தால் எண் வரும். இதை வங்கதேசத்துக் கிணறுகளிலேயே சோதித்து 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எடின்பரோ பல்கலைக்கழக மாணவர்கள் 2006இல் வேறு வழியை யோசித்தார்கள். ஒளிமானியும் வேண்டாம், ஆர்சனிக் இருந்தால் பாக்டீரியா லாக்டோஸைப் புளிக்க வைத்து அமிலம் சுரக்கட்டும், அமிலகாரக் காட்டியின் நிறம் மாறட்டும் என்று வடிவமைத்தார்கள். பள்ளி ஆய்வகத்தில் கிடைக்கும் பொருட்களோடு 5 மைக்ரோகிராம் வரை உணர முடிந்தது. ஏழை நாட்டுக் கிராமத்துக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மற்ற உலோகங்களில் நிலைமை சமச்சீராக இல்லை. பாதரசத்துக்கான மெர்ஆர் மிக நுட்பமான புரதம். நானோமோலார் அளவிலேயே பதில் சொல்லும், பெரும்பாலும் வேறு உலோகத்துக்கு ஏமாறாது. கூடவே ‘மெர்பி’ நொதியையும் சேர்த்தால் ஜப்பானின் மினமாட்டாவில் மனிதரைக் கொன்ற மெத்தில் பாதரசத்தையும் உடைத்து உணர்த்தும். காட்மியம், காரீயம், துத்தநாகம் மூன்றும் வேறு கதை. சின்ட்ஆர், கேட்சி ஆகிய புரதங்கள் இந்த மூன்றுக்கும் ஏறக்குறைய சேர்ந்தே பதில் தருகின்றன. ஒளி வந்தால் உலோகம் இருக்கிறது என்று தெரியும். குழந்தையின் மூளையைக் கெடுக்கும் காரீயமா, உடலுக்குச் சிறிது தேவைப்படும் துத்தநாகமா என்று தெரியாது. புரதத்தின் அமினோ அமிலங்களை மாற்றியும், இரண்டு உணரிகளும் ஒரே நேரத்தில் ஒப்புக்கொண்டால்தான் ஒளிரும்படி மரபணுச் சுற்றுகளை அமைத்தும் இதைச் சரிசெய்ய முயல்கிறார்கள். எடின்பரோவின் பாவோஜுன் வாங் குழு 2019இல் சமிக்ஞையைப் படிப்படியாகப் பெருக்கும் சுற்றுகளை அமைத்து, உணர்திறனை வெகுவாக உயர்த்திக் காட்டியது. இவை எல்லாம் நல்ல ஆய்வுகள். இருந்தாலும் காரீயத்துக்குக் களத்தில் நம்பி இறக்கும் நிலை இன்னும் வரவில்லை என்பதே என் கணிப்பு.

இனி, எந்த விலையுயர்ந்த கருவியாலும் தர முடியாத ஒன்று. கருவி மண்ணை அமிலத்தில் காய்ச்சி, உள்ளே இருக்கும் உலோகம் முழுவதையும் எண்ணிச் சொல்கிறது. ஆனால் மண்ணில் இருக்கும் காட்மியம் முழுதும் உயிரைத் தொடுவதில்லை. களிமண்ணோடும் மட்கோடும் ஒட்டியிருப்பது ஒட்டியே இருக்கும். செல்லுக்குள் நுழையக்கூடிய பங்கு சிறிதாக இருக்கலாம். பாக்டீரியா அந்தப் பங்கை மட்டுமே சொல்கிறது, ஏனென்றால் உள்ளே நுழைந்ததுதான் அதற்குத் தெரியும். வடக்கு பிரான்சில் உலோக உருக்காலைகள் கெடுத்த விளைநிலங்களின் மண்ணை எஸ்டோனிய ஆய்வாளர்கள் இப்படிச் சோதித்து 2004இல் எழுதினார்கள். மண்ணை நீரில் ஊறவைத்து வடிகட்டிய சாற்றில் மிகக் கொஞ்சமே தெரிந்தது. பாக்டீரியாவை மண் துகள்களோடு நேரடியாகக் கலந்தபோது பல மடங்கு கூடுதலாகத் தெரிந்தது. துகளின் மேற்பரப்பில் ஒட்டி வாழும் உயிர் அங்கிருந்தே உலோகத்தைப் பறித்துக்கொள்கிறது. வடிநீரை மட்டும் பார்த்து மண் பரவாயில்லை என்று முடிவு கட்டுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. ‘உயிருக்கு எட்டும் பங்கு’ என்ற கருத்தைத் தொழிற்சாலைகள் தங்களுக்குச் சாதகமாகத் திருப்பக்கூடும். மொத்தத்தில் இவ்வளவு இருந்தாலும் எட்டுவது கொஞ்சம்தானே, ஏன் முழுதும் தோண்டி எடுக்க வேண்டும் என்று கேட்கலாம். கொடைக்கானலில் 1983 முதல் 2001 வரை இயங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரச மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்பதில் நீண்ட வழக்காடல் நடந்தது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் மிச்சம் இருக்கலாம் என்ற அளவு ஏற்கப்பட்டது. சோலைக்காட்டை ஒட்டிய நிலத்துக்கு அது மிகத் தளர்வானது என்று மக்கள் எதிர்த்தார்கள். இன்று களிமண்ணில் அடங்கிக் கிடக்கும் பாதரசம், நாளை ஈர மண்ணின் நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாகி மீனுக்குள் போகலாம். ஒரு குப்பி பாக்டீரியாவுக்கு இன்று எட்டாதது, மண் தின்னும் குழந்தையின் இரைப்பை அமிலத்துக்கு எட்டும். ஆகவே உணரி சொல்லும் எண், மொத்த அளவுக்கு மாற்றாக ஆகக் கூடாது. அதனருகில் வைக்க வேண்டிய இரண்டாவது எண் அது.

குறைகளை மறைத்து இந்தத் தொழில்நுட்பத்தைப் புகழ்வது அதற்கே தீங்கு. நஞ்சு மிக அதிகமானால் பாக்டீரியா செத்துவிடும், செத்தது ஒளிராது, ஒளி இல்லை என்றால் ‘நல்ல தண்ணீர்’ என்று படிக்கப்படும். மிக மோசமான கிணறே மிக நல்ல கிணறாகத் தோன்றும் அபாயம் இது. ஆகவே எப்போதும் ஒளிரும் இன்னொரு வகைப் பாக்டீரியாவையும் கூடவே வைத்து, அதன் ஒளி மங்கினால் நீரைக் கலந்து மெலிதாக்கி மீண்டும் சோதிக்க வேண்டும். இந்த ஒப்பீட்டுக் குப்பி இல்லாத எந்தச் சோதனையையும் நம்பக் கூடாது. அடுத்தது வெப்பம். விப்ரியோ ஃபிஷெரியின் ஒளி நொதி 30 டிகிரிக்கு மேல் சோர்ந்துவிடும். மண்ணில் நூற்புழுக்களோடு வாழும் ஃபோட்டோராப்டஸ் லூமினசென்ஸிலிருந்து எடுத்த மரபணுத் தொகுதி கூடுதல் வெப்பத்திலும் நிலைக்கும். நம் கோடைக்கு அதுவே உகந்தது. சேமிப்பு மூன்றாவது சிக்கல். உலர்த்திய செல்களைக் குளிரில் வைக்க வேண்டும். சில்வியா டானர்ட் குழு பேசில்லஸ் இனங்களைப் பயன்படுத்தி இதற்கு நல்ல தீர்வு காட்டியது. அந்தப் பாக்டீரியாக்கள் கடினமான காலத்தில் வித்துகளாக மாறி உறங்கும். உணரி மரபணுவையும் சுமந்தபடி அலமாரியில் மாதக்கணக்கில் கிடக்கும். ஊட்டம் தந்தால் விழித்து வேலை செய்யும்.

இவ்வளவு இருந்தும் 2005க்குப் பிறகு ஏன் ஊர் ஊராக வரவில்லை? பெரிய காரணம், இவை மரபணு மாற்றப்பட்ட உயிர்கள். ஐரோப்பியச் சட்டம் அடைக்கப்பட்ட ஆய்வகப் பயன்பாட்டுக்கு ஒரு வழியும், சூழலில் வேண்டுமென்றே விடுவதற்கு இன்னொரு கடினமான வழியும் வைத்திருக்கிறது. மூடிய குப்பிக்குள் அடங்கி, சோதனைக்குப் பிறகு அழிக்கப்படும் ஒரு தூள் இரண்டிலும் சரியாகப் பொருந்தவில்லை. எடின்பரோ குழுவினர் பின்னாளில் நேபாளத்துக்காகத் திட்டமிட்டபோதும் இந்தக் கேள்விதான் அவர்களை நிறுத்தியது. இந்தியாவில் 1989இன் விதிகளும் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவும் உண்டு. விதிகள் தேவைதான், அச்சம் நியாயமானது, திறந்த ஆற்றில் கொட்டும் யோசனையை நானும் எதிர்ப்பேன். ஆனால் மரபணு மாற்றிய விதை நிலத்துக்குப் போகிறது, குப்பி பெட்டிக்குத் திரும்புகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடை போடக் கூடாது.

ஆய்வாளர்கள் இந்த அச்சத்துக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்ஐடி குழு பாக்டீரியாவை ஆல்ஜினேட் உருண்டைக்குள் வைத்து, அதன் மேல் கிழியாத ஜெல் ஓடு போர்த்தி, சார்ல்ஸ் நதி நீரில் காட்மியத்தை உணர வைத்தது (2021). உலோகம் உள்ளே போகும், பாக்டீரியா வெளியே வராது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஜூலியஸ் லக்ஸ் குழு இன்னும் ஒரு படி தாண்டி, உயிரையே விலக்கிவிட்டது. 2020இல் வெளியான ‘ராசலிண்ட்’ முறையில் பாக்டீரியா இல்லை. உணரிப் புரதமும் டிஎன்ஏவும் படிக்கும் நொதியும் மட்டும் குழாயில் உலர்ந்து கிடக்கின்றன. ஒரு சொட்டு நீர் விட்டால் போதும். நஞ்சு இருந்தால் சில நிமிடங்களில் பச்சையாக ஒளிரும். தப்பிப் பெருக எதுவுமே இல்லாததால் மரபணு மாற்ற உயிர் பற்றிய கேள்வியே எழாது. குடிநீர்ச் சோதனைக்கு எதிர்காலம் இதில்தான் என்று நினைக்கிறேன். மண்ணில் உயிருக்கு எட்டும் பங்கை அளக்க உயிருள்ள செல்லே தேவை. அந்த வேலையை ராசலிண்ட் செய்யாது.

தமிழ்நாட்டில் இத்தகைய உணரிகளுக்கு உடனடி வேலை ராணிப்பேட்டையில் இருக்கிறது. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் நிறுவனம் 1990களின் நடுவில் மூடப்பட்டபோது ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவைத் திறந்த வெளியில் மலையாக விட்டுச் சென்றது. மழை பெய்தால் அதன் அடிவாரத்திலிருந்து மஞ்சள் நீர் ஓடும். அருகில் பாலாறு. தோல் தொழிற்சாலைகளின் கழிவு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பு சொன்ன அதே நிலப்பகுதி. தோல் பதனிடுவதில் பயன்படும் மூவிணைதிற குரோமியமும் இந்த மலையில் உள்ள ஆறிணைதிற குரோமியமும் ஒன்றல்ல. இரண்டாவதுதான் புற்றுநோய்க்குக் காரணமாவது, எளிதில் கரைந்து நகர்வதும் அதுவே. குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 50 மைக்ரோகிராம். நீரில் மஞ்சள் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் வரம்பு பல மடங்கு கடந்துவிட்டது என்று பொருள். தெரியாத கிணறுகளைத்தான் சோதிக்க வேண்டும். போர்ச்சுகல் ஆய்வாளர்கள் ஓக்ரோபாக்ட்ரம் ட்ரிடிசி என்ற பாக்டீரியாவின் குரோமேட் எதிர்ப்பு மரபணுவைக் கொண்டு அமைத்த உணரி, ஆறிணைதிற குரோமியத்துக்கு மட்டும் ஒளிர்ந்தது. மூவிணைதிறத்துக்கு ஒளிரவில்லை (2013). ராணிப்பேட்டை கேட்கும் கேள்விக்கு அப்படியே பொருந்தும் பதில் இது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கலாம். மூடிய குப்பி உணரியையும் ஆய்வகக் கருவியையும் ஒரே கிணற்று நீரில், ஒரே நாளில், கோடையிலும் மழைக்காலத்திலும் அருகருகே வைத்துச் சோதியுங்கள். உணரி தவறிய கிணறுகளையும் சேர்த்து முடிவு முழுவதையும் ஊராட்சி வாரியாகத் தமிழில் வெளியிடுங்கள். சிவப்பு விழும் கிணற்றுக்கு மாற்று நீர் எங்கிருந்து வரும் என்பதைச் சோதனைக்கு முன்பே தீர்மானித்துவிடுங்கள். வங்கதேசத்தில் சிவப்புக் குழாயிலிருந்தே பலர் தொடர்ந்து குடித்ததற்கு ஒரு காரணம் அருகில் வேறு நல்ல குழாய் இல்லாதது. வீட்டில் கிணறோ ஆழ்துளைக் குழாயோ வைத்திருப்பவர்களும் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆர்சனிக், குரோமியம், காரீயம் எதுவும் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.